துடக்கில்லாத கல்

அண்ணை,

இன்று காலை நீராடிவிட்டுப் பூசைக்கு விபூதித் தட்டை எடுத்தபோது, என் விரல்களிலிருந்து பெயின்ற் அகற்றும் மருந்தின் மணம் எழுந்தது. நேற்று மாலை சவர்க்காரமும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்த விரல்கள். ஆயினும் நகக்கண்களில் வெள்ளைக் கோடு எஞ்சியிருந்தது, மணமும் போகவில்லை. கற்பூரம் ஏற்றினேன். அதன் மணத்தினூடாகவும் அது வந்தது. அறுபது ஆண்டுகளாக இந்த விரல்களால் நீறு எடுத்து நெற்றியில் இட்டு வருகிறேன். இன்று எடுத்த நீற்றை இடாமல் சிறிது நேரம் அப்படியே நின்றேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை, உங்களால் வாசிக்க இயலாத தமிழில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நான் உங்களோடு பேசிய எந்தச் சொல்லிலும் மரியாதை குறைந்ததில்லை. என் குறுகிய மனம் பேசியதெல்லாம் தமிழில்தான். ஆகவே அதைத் தமிழிலேயே ஒப்புக்கொள்வது முறை.

முந்தாநாள் முற்பகல் உங்கள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். வழமையான நலவிசாரிப்பு ஒன்றும் இல்லை.

“அங்கிள், அப்பாவின் கல்லில் பெயின்ற் ஊற்றியிருக்கிறார்கள்.”

“யார்?”

“தெரியாது. முழுக்க வெள்ளைப் பெயின்ற். அதற்கு மேல் சிவப்பில் ஒரு சொல். எங்களை இழிவாக அழைக்கிற அந்தச் சொல். ஒரு மூலையையும் உடைத்திருக்கிறார்கள்.”

அவள் அப்பாவின் கல் என்று சொன்னது உங்கள் கல்லறையை அன்று. உங்கள் தேவாலயத்தின் பக்கவாட்டில், இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்தில் நிற்கிற கருங்கல்லை. ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களுக்காகவும், வழியிலே கடலில் மாண்டவர்களுக்காகவும் உங்கள் சபையார் நாட்டியது. நாட்டிய நாளிலிருந்து இறக்கும்வரை நீங்கள்தான் அதன் அடியைக் கூட்டித் துப்புரவாக்கினீர்கள். அதனால் அது அவளுக்கு அப்பாவின் கல்.

“நகரசபைக்குச் சொல்லியாயிற்று. வரச் சில நாட்கள் ஆகுமாம். அந்தச் சொல்லோடு அதை விட்டுவைக்க என்னால் முடியாது. நாளைக்கு நாங்களே துடைக்கப்போகிறோம்,” என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். “உங்களை வரச்சொல்லி எடுக்கவில்லை, அங்கிள். இது உங்கள் விரத நாட்கள். இந்த நாட்களில் நீங்கள் அந்தக் கல்லுக்குக் கிட்ட வரக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். வேறு யாரும் சொல்லி நீங்கள் அறியக்கூடாது என்றுதான் எடுத்தேன்.”

தொலைபேசியை வைத்தபின் கதிரையில் இருந்தேன். உங்களுக்கு நான் சொன்ன பொய்யை நீங்கள் உங்கள் மகளுக்கு என் நெறியென்று கற்றுக்கொடுத்துப் போயிருக்கிறீர்கள்.

*

நாங்கள் ஊரை விட்டு இந்த நகரத்தின் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த காலத்தில், ஒரு படுக்கையறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். நீங்கள் அந்தக் கட்டிடத்தின் பராமரிப்பாளர். என்னிலும் ஐந்து வயது மூத்தவர். ஜமேக்காவிலிருந்து எங்களுக்குப் பதினைந்து ஆண்டு முந்தி வந்தவர். இடுப்பில் திறப்புக்கோர்வை கிலுங்க நடப்பீர்கள். எங்கள் பெண்கள் உங்கள் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு அண்ணை என்றார்கள். நீங்களும் அதையே உங்கள் பெயராக ஏற்றுக்கொண்டீர்கள். குழாய் ஒழுகுகிறது என்று யாராவது வந்து “அண்ணை, தண்ணி நிக்குதில்லை” என்றால், “ஓம், வாறன் தங்கச்சி” என்று நீங்கள் சொல்லும்போது, பருத்தித்துறையில் பிறந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

எங்கள் வீடுகளில் மிளகாய் வறுத்தால் புகைமணி அலறும். தீயணைப்பு வண்டி வந்துவிடும். மூன்றாம் முறை வந்த தீயணைப்பு வீரர்களைக் கீழ்த்தளத்திலேயே மறித்து நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “திரும்பிப் போங்கள். அது நெருப்பில்லை, நாளைய கறி.” பின்னர் மேலே வந்து, வறுக்கப்போகிற நாளை முதலே உங்களுக்குச் சொல்லிவைக்கும்படி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டீர்கள்.

கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில்தான் நம் நட்பு தொடங்கியது. ஊரில் தமிழ் படிப்பித்த நான், இங்கே பாண் பொதி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். ஞாயிறு பிற்பகல்களில் இயந்திரம் சுழன்று முடியும்வரை பதிகம் ஒன்றை மெல்லப் பாடிக்கொண்டிருப்பேன். நீங்கள் தரை துடைக்கும் தும்புத்தடியை நிறுத்திவிட்டு, அது என்ன என்று கேட்டீர்கள். எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும் முறையை உங்களுக்கு விளக்கினேன். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். இன்னொருவர் அதன் பொருளை எடுத்து விரித்துரைப்பார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். வாசிப்பவர் நிறுத்தாமல் பயன் சொல்பவர் தொடங்கக் கூடாது. பயன் முடியாமல் வாசிப்பவர் அடுத்த பாட்டுக்குப் போகக் கூடாது.

“இருவர் வேண்டும், அப்படியா?” என்றீர்கள். “எங்கள் கோயிலில் ஒருவர் குரல் கொடுத்தால் எல்லோரும் பதில் சொல்வோம். உங்களுக்கு ஒருவர் போதுமென்றால், நான் பயன் சொல்கிறேன். நீர் வாசியும்.”

அன்றிலிருந்து அது நமக்கு ஒரு விளையாட்டாயிற்று. பின்னர் விளையாட்டாக இல்லாமலும் போயிற்று. நான் பாடுவேன், ஆங்கிலத்தில் சொற்பொருள் மட்டும் சொல்வேன். நீங்கள் தும்புத்தடியில் சாய்ந்து நின்று, உங்கள் வேதத்தையும் உங்கள் தீவையும் சேர்த்துப் பயன் சொல்வீர்கள். சிறுவயதிலிருந்தே அவற்றைப் படித்த எனக்கு அதில் சில புதிதாகவே இருந்தன.

ஒருநாள், பகைவர் ஓர் அடியவரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளிய வரலாற்றைப் பாடினேன். இறைவன் திருப்பெயரையே துணையென்று அவர் பாட, பிணைத்த கல்லே தெப்பமாகி அவரைக் கரைசேர்த்தது என்று பொருள் சொன்னேன். நீங்கள் வழமைபோல் உடனே தொடங்கவில்லை. இயந்திரம் நின்றதும் உடுப்பை எடுத்துக் காயவைக்கும் இயந்திரத்தில் போட்டேன்.

“மற்றவர்கள்?” என்றீர்கள் கடைசியில்.

“எந்த மற்றவர்கள்?”

“மிதக்காதவர்கள். என் ஆட்களும் கடலில் போடப்பட்டவர்கள். சங்கிலியோடு. அவர்களுக்கும் பாட்டுத் தெரியும்.”

அன்றுதான், இந்த நகரத்திலும் ஒரு காலத்தில் மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருந்தார்கள் என்பதை எனக்குச் சொன்னீர்கள். நான் அடைக்கலம் என்று வந்து இறங்கிய மண் இது. அதை நான் அறியாதிருந்தேன். அந்தப் பாட்டுக்கு மட்டும் நீங்கள் பயன் சொல்லவில்லை. “இன்னொரு நாள்,” என்றீர்கள்.

*

போர் முடிந்தபின், ஊரில் போரில் மாண்ட எங்கள் பிள்ளைகளின் கல்லறைகளை இயந்திரம் விட்டு உழுது தள்ளிய செய்தி வந்த குளிர்காலத்தை நினைக்கிறேன். என் தமக்கையின் இளைய மகன் அங்கேதான் கிடந்தான். அப்போது நாங்கள் அஜின்கோர்ட்டில் இப்போதுள்ள அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருந்தோம். மண்டபம் ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் விளக்கேற்றக் கூடினோம். யாரிடமோ கேள்விப்பட்டு, சப்வேயும் பஸ்ஸும் ஏறி நீங்கள் வந்தீர்கள். எங்கள் சனத்துக்குள் தனியொருவராய் நின்றீர்கள். எல்லோரும் சப்பாத்தைக் கழற்றியதைக் கண்டு, பனியில் நீங்களும் கழற்றினீர்கள். மருமகனின் பெயரைக் கேட்டு, சரியாகச் சொல்ல வரும்வரை மூன்று முறை சொல்லிப் பார்த்தீர்கள். பிறகு தொப்பியைக் கழற்றிச் சுடருக்குக் காற்று மறைவாகப் பிடித்தபடி, எண்ணெய் தீரும்வரை நின்றீர்கள்.

“இறந்தவனை இரண்டாம் முறை கொல்கிறவன்,” என்றீர்கள் போகும்போது, “அவனுக்குப் பயந்தவன்.”

அப்படி வந்த நீங்கள், சில ஆண்டுகள் கழித்து ஓர் ஐப்பசியில் என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தீர்கள். என்னிடம் நீங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

நான் கந்தசட்டி விரதத்தில் இருந்தேன். கோயிலில் ஆறு நாளும் புராணம் வாசிக்கிற பொறுப்பு என்னுடையது. எங்கள் வரவேற்பறையில், சுவாமிப் படங்களுக்கு எதிரேயிருந்த கதிரையில் இருந்துகொண்டு சொன்னீர்கள்: சனிக்கிழமை கல் நாட்டுகிறோம். அந்தப் பாட்டை நீர் வந்து வாசிக்க வேண்டும். நான் பயன் சொல்வேன். இப்போது எனக்குச் சொல்ல வரும்.

நான் வாய் திறக்குமுன் தொலைபேசி அடித்தது. பிக்கரிங்கிலிருந்து என் மனைவியின் தம்பி. கைவேலையாக இருந்த மனைவி அதை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டுவிட்டாள். அண்ணை வந்திருக்கிறார், கல் நாட்டுக்கு அத்தானைக் கேட்கிறார் என்றும் சொல்லிவிட்டாள்.

“அத்தான், உங்களுக்கென்ன விசரே?” என்றான் அவன். “ஆறு நாளும் சுவாமிக்கு முன்னாலை இருந்து படிக்கிற ஆள், உந்தக் கறுவல்களின்ரை செத்தவீட்டுக் கல்லடியிலை போய் நிண்டு தேவாரம் பாடப்போறியளோ? சனம் என்ன கதைக்கும்? உங்களையே பிறகு வாசிக்க விடமாட்டாங்கள்.”

மனைவி பாய்ந்து அதை நிறுத்தினாள். நீங்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இருபது ஆண்டுகள் எங்களோடு எலிவேற்றரில் ஏறி இறங்கியவர். அந்தச் சொல் உங்களுக்குத் தெரியாதிருக்க வழியில்லை.

அப்போது நான் பேசினேன், அண்ணை. அவன் சொன்னது பிழை என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்று நேர்மையாகவும் சொல்லவில்லை. சாவோடு தொடர்புடைய இடத்துக்குப் போனால் எங்களுக்குத் துடக்கு என்றேன். அது ஒரு தீட்டு, முழுகினால்தான் போகும், விரத நாளில் அது படவே கூடாது, நூல்களில் விதித்திருக்கிறது என்றேன். இறந்தவர்களை நினைத்து நாட்டுகிற கல்லுக்குத் துடக்கு என்று எந்த நூலிலும் இல்லை. இருநூறாண்டுகளுக்கு முன் இறந்தவர்களுக்குத் துடக்கு என்று எந்த விதியும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். என் வாசிப்புக் கதிரை போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு வேதத்தின் உடுப்பை உடுத்திவிட்டேன்.

நீங்கள் எழுந்து, கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவிவைத்தீர்கள். “உமது விரதம் உமது விரதம்,” என்றீர்கள். “அதன்மேல் நான் பாரம் ஏற்றமாட்டேன்.”

அந்தச் சனிக்கிழமை, நீங்கள் கல் நாட்டிய அதே நேரத்தில், நான் கோயிலில் இருந்து அழகாக வாசித்தேன். குரல் நன்றாக இருந்தது என்று பலர் சொன்னார்கள்.

அதன் பின் நடந்ததை எழுதக் கை வரவில்லை; ஆயினும் எழுத வேண்டும். மாதத்தில் ஒருமுறை கல்லடியைக் கூட்டிவிட்டு, அங்கிருந்து எங்களைப் பார்க்க வருவீர்கள். கதவைத் திறந்தால், நடைபாதையிலேயே நிற்பீர்கள். “கல்லடியிலிருந்து வருகிறேன். உள்ளே வரக்கூடாது அல்லவா?” என்பீர்கள். நான் சொன்ன விதியை விரத நாளுக்கு மட்டுமென்று நீங்கள் வைத்துக்கொள்ளவில்லை. எல்லா நாளுக்குமாக வைத்துக்கொண்டீர்கள். மனைவி தேநீரைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே நீட்டுவாள். சுவரில் சாய்ந்து நின்று குடிப்பீர்கள். நானும் வாசற்படியின் இந்தப் பக்கம் நின்று கதைப்பேன்.

எங்கள் ஊரில் யாரை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தோம், யாருக்கு வேறு பாத்திரத்தில் வார்த்தோம் என்பது எனக்குத் தெரியாததன்று. அதைக் கண்டு வளர்ந்தவன்; அது பாவம் என்று வகுப்பில் படிப்பித்தவன். ஐந்து ஆண்டுகள் நீங்கள் அந்த நடைபாதையில் நின்றீர்கள். “துடக்கில்லை, வாங்கோ” என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொன்னால் முதற்பொய் வெளிப்படும் என்று சொல்லாமல் விட்டேன்.

நீங்கள் அந்த விதியை உண்மையாகவே நம்பினீர்களா? அல்லது பொய்யென்று தெரிந்தும், என் முகத்துக்காக அதற்கு மரியாதை செய்தீர்களா? நீங்கள் இறந்தபின் மூன்று பனிக்காலமாக இதையே கேட்கிறேன். உங்கள் இறுதிச் சடங்குக்கு வந்தேன். உங்கள் சபையார் பாடினார்கள். வீட்டுக்கு வந்து, முறைப்படி முழுகினேன்.

*

நேற்றுக் காலை கோயிலுக்குத் தொலைபேசி எடுத்து, அன்றைக்கு வேறொருவர் வாசிக்கட்டும் என்றேன். காரணம் கேட்டார்கள். கல் ஒன்று துடைக்கப் போகிறேன் என்றேன்.

உங்கள் மகளும் சபைப் பெண்கள் நால்வரும் வாளிகளோடு நின்றார்கள். என்னைக் கண்டதும் அவள் கையிலிருந்த தூரிகையை இறக்கினாள். “அங்கிள், விரதம்?” என்றாள்.

“விரதந்தான்,” என்றேன். “அதனால்தான் வந்தேன்.”

அந்தச் சொல்லைக் கண்டேன். இங்கே அதை எழுதமாட்டேன். கடும் சிவப்பு, அவசரமாக எழுதியதன்று, நிதானமாக எழுதியது. குளிரில் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும்; பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கம்பித் தூரிகை கல்லைக் கீறும் என்பதால் நைலோன் தூரிகை. எனக்கு ஒரு பல்துலக்கியைத் தந்து, செதுக்கிய எழுத்துகளுக்குள் போன பெயின்றை எடுக்கச் சொன்னாள். முழங்காலில் இருந்து ஒவ்வோர் எழுத்தாய்த் தோண்டினேன். கடலில் போனவர்களுக்கும், கரையில் கட்டுண்டு கிடந்தவர்களுக்கும் என்று இருந்தது. எழுத்தைத் தொழிலாகக் கொண்டவன் எந்த எழுத்தையும் இவ்வளவு அருகில் வைத்துப் படித்ததில்லை. சிவப்புப் போயிற்று. வெள்ளை முழுவதும் போகவில்லை. கல்லின் நுண்துளைகளில் இறங்கிவிட்டது; வெயில் சாய்ந்தபோது அந்தச் சொல்லின் நிழல் இன்னும் தெரிந்தது.

ஓய்ந்திருந்த வேளையில், கல் நாட்டிய அன்று நீங்கள் என்ன பேசினீர்கள் என்று மகளிடம் கேட்டேன். எட்டு ஆண்டாக அதை நான் கேட்கவில்லை.

“அப்பா எழுந்து வாசலைப் பார்த்தார்,” என்றாள். “நாங்களும் பார்த்தோம். பிறகு சொன்னார்: இங்கே வாசிக்க என் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இன்று வர இயலவில்லை. வாசிக்காமல் பயன் சொல்லக்கூடாது என்பது அவர்கள் முறை. ஆனாலும் சொல்கிறேன். கடலில் போடப்பட்ட ஒருவர் பாடிக்கொண்டே கரையேறினார். அவர் பாடியது, கீழே போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவ்வளவுதான்.”

நான் எழுந்து நின்றேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் நின்று அந்தப் பாட்டை முழுமையாக வாசித்தேன்; இராகம் சரியாக நிற்கவில்லை. கோயிலில் இவ்வளவு மோசமாக வாசித்திருந்தால் இறக்கிவிட்டிருப்பார்கள். முடிந்ததும் முறைப்படி நிறுத்திக் காத்திருந்தேன். பயன் சொல்ல ஒருவரும் இல்லை. தெருத் தண்டவாளத்தில் ஸ்ரீட்கார் ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று.

மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைத் திறந்து, வாசலிலேயே மறித்தாள். வாளியும் துவாயும் தயாராக வைத்திருந்தாள்.

“உள்ளுக்கு வராதையுங்கோ. நேரை குளியலறைக்குப் போய் முழுகிட்டு வாங்கோ. சுவாமிக்கு விளக்கு வைச்சிருக்கு.”

நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்றேன். சுவரில் நீங்கள் சாய்கிற இடம் எனக்குத் தெரியும்.

“உதுக்குத் துடக்கில்லை,” என்றேன்.

“ஆர் சொன்னது?”

“ஒரு நூலிலையும் இல்லை. எனக்கு முந்தியே தெரியும்.”

உள்ளே போய்க் கை கழுவினேன். முழுகவில்லை. அவள் வாசலிலேயே நின்றாள், துவாய் கையில். நான் கழுவி முடித்துத் திரும்பி வரும்வரை கதவைச் சாத்தவில்லை, நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப,” என்றாள், என்னைப் பார்க்காமலே, “நான் அந்த மனுசனை வெளியிலை நிக்கவைச்சுத் தேத்தண்ணி குடுத்தது?”

அந்தக் கேள்வியோடுதான், அண்ணை, இன்று காலை நீற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.